எங்கள் தெருவுக்கு வரும் பழைய பேப்பர் அக்காவை இனி உள்ளே விடக் கூடாதாம். என்ன செய்யலாம்?

மலர், கன்னங்குறிச்சி
ஞாயிறு, காலை 7.15

சேலத்தில் எங்கள் குடியிருப்புக்குப் பதினொரு ஆண்டுகளாக ஓர் அக்கா வருகிறார். தோளில் உரச்சாக்கு, கையில் ஒரு முழ நீளத்துக்கு நுனி வளைத்த கம்பி. பால்காரர் வருவதற்கு முன்பே வந்துவிடுவார். தெருமுனைத் தொட்டியைக் கிளறிப் பாட்டில், அட்டை, பால் கவர், தகரம் என்று எடுத்துக்கொள்வார். வெளியே சிந்தியதைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போவார். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மகனின் நோட்டுகளைக் கட்டி அவருக்கென்று எடுத்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

மூன்று மாதத்துக்கு முன் தொட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது வீட்டு வாசலுக்கே வண்டி வருகிறது. தெரு சுத்தமாக இருக்கிறது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மட்குவது, மட்காதது என்று நாங்கள் பிரித்துக் கொடுப்பது வண்டிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் விழுகிறது. சாம்பார் ஊறிய அட்டையை இனி யார் எடுப்பார்கள்?

போன வாரம் குடியிருப்போர் கூட்டத்தில், குப்பை எடுக்க வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்று பலகை வைக்க முடிவு செய்தார்கள். திருட்டுப் பயமாம். போன வருடம் பழைய புத்தகக் கட்டுக்குள் மாட்டிக்கொண்ட என் மாமியாரின் வங்கிப் புத்தகத்தைத் தேடி வந்து கொடுத்தவர் அந்த அக்கா. நான் ஒருத்திதான் எதிர்த்துப் பேசினேன். எடுபடவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் கூட்டம். உருக்கமாகப் பேசினால் போதாது, விவரத்தோடு பேச வேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

குகை இரும்புக்கடை
ஞாயிறு, காலை 9.40

மலர் அக்கா, நான் பழைய இரும்பு, பேப்பர் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. எங்கள் கடையில் குப்பை என்ற சொல்லே கிடையாது. வருவது எல்லாம் சரக்கு.

உங்கள் அக்காவைப் போன்ற ஒருவர் கொண்டு வரும் சாக்கைத் தரையில் கொட்டினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு தண்ணீர் பாட்டில் உங்களுக்கு ஒரே பொருள். எங்களுக்கு மூன்று. பாட்டில் பெட் என்ற பிளாஸ்டிக், மூடி வேறு பிளாஸ்டிக், சுற்றியிருக்கும் காகிதம் போன்ற தாள் இன்னொன்று. மூன்றுக்கும் மூன்று விலை, மூன்று வழி. பாட்டில் அரவைக்குப் போய்ப் பஞ்சாகித் தலையணைக்குள் திரும்பி வருகிறது, இல்லையென்றால் நூலாகிறது. மூடி குருணையாகி வாளியாகிறது. பால் கவர் உருகித் தோட்டத்துக் குழாயாகிறது. அட்டை மறுபடியும் அட்டையாகிறது. இரும்பு கோயம்புத்தூர்ப் பக்கம் வார்ப்பட ஆலைக்குப் போகிறது.

இதைப் பிரிக்க எங்களிடம் இயந்திரம் இல்லை. என் கடையில் பிரிக்கும் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஒரு துண்டு பிளாஸ்டிக்கை நகத்தால் சுண்டி, எழும் ஓசையை வைத்தே இது எந்த ரகம் என்று சொல்லிவிடுவார். சந்தேகம் என்றால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். மிதந்தால் எச்.டி., எல்.டி., பி.பி. என்ற வகை; மூழ்கினால் பெட் அல்லது பி.வி.சி. எவர்சில்வர் வந்தால் காந்தம். ஒட்டினால் ஒரு விலை, ஒட்டாவிட்டால் கூடுதல் விலை. சட்டியின் கைப்பிடியில் இருக்கும் இரும்பு ஆணியைத் தட்டி எடுத்த பிறகுதான் அலுமினியம் தராசில் ஏறும்.

கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள்: கலந்த சரக்குக்கும் பிரித்த சரக்குக்கும் விலை வித்தியாசம் பெரியது. அந்த வித்தியாசம்தான் அந்த அக்காவின் கூலி. வண்டியில் ஈரத்தோடு அமுக்கி வரும் பேப்பரை எந்த ஆலையும் வாங்காது. அது நேராகக் குப்பை மேட்டுக்குத்தான் போகும்.

எங்கள் பக்கத்துச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவின் ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கினால் வரியைப் பதிவு பெற்ற வாங்குபவரே கட்ட வேண்டும். பொறுக்குபவர் ரசீது தர முடியாது. மேலே ஆலைக்காரர் ரசீது இல்லாமல் வாங்க மாட்டார். நடுவில் இருக்கும் சிறிய கடைகள் நெருக்கடியில் இருக்கின்றன. கடை மூடினால் அக்காவின் சாக்குக்கு இறக்குமிடம் இல்லை.

பொதுசுகாதாரம், ஓய்வு
ஞாயிறு, மாலை 4.05

நான் முப்பது வருடம் சுகாதாரப் பணியில் இருந்தவன். யாரையும் தாழ்த்தி எழுதவில்லை. ஆனால் இங்கே எல்லோரும் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறீர்கள்.

பழைய டயர் அடுக்கிய கடைகளில் மழைக்குப் பிறகு டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். டெங்கு கொசுவின் புழு நெளியும். செம்புக் கம்பிக்காக ஏரிக்கரையில் ஒயரைப் போட்டுக் கொளுத்துவார்கள். அந்தக் கறுப்புப் புகை பி.வி.சி. உறை எரியும் புகை, சுவாசிக்கவே கூடாதது. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் இடத்தில் விளையாடும் குழந்தையின் உடம்பில் ஈயம் ஏறினால் மூளை வளர்ச்சி பாதிக்கும், அதை எந்த மருந்தாலும் முழுதாகத் திருப்ப முடியாது. கையுறை இல்லாமல் தொட்டியைக் கிளறி ஊசி குத்திக்கொண்டவர்களை நானே மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறேன்.

இதை ஒரு நல்ல தொழில் என்று பாராட்டி அப்படியே விட்டுவிடலாமா? மனிதர் கையால் குப்பை கிளறும் நிலையே இருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். வண்டி வரட்டும், இயந்திரம் வரட்டும். அந்த அம்மாவுக்கு வேறு வேலை கொடுக்கட்டும்.

சமூகப்பணி மாணவி
ஞாயிறு, இரவு 8.50

ஐயா, நீங்கள் சொன்ன கெடுதல்கள் அத்தனையும் உண்மை. ஆனால் “வேறு வேலை கொடுக்கட்டும்” என்ற கடைசி வரி எந்த நாட்டிலும் தானாக நடக்கவில்லை. முதுகலை ஆய்வுக்காகப் படித்ததிலிருந்து எழுதுகிறேன்.

எகிப்தின் கெய்ரோ நகரில் ஸபாலீன் என்று ஒரு சமூகம் இருக்கிறது. 1940களில், தெற்கே உள்ள மேல் எகிப்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள், பெரும்பாலும் காப்டிக் கிறிஸ்தவர்கள். முகத்தம் குன்றின் அடியில் குடியேறி, வீடு வீடாக மாடி ஏறிக் குப்பை எடுத்தார்கள். உணவுக் கழிவைப் பன்றிக்குப் போட்டார்கள், மீதியைப் பிரித்து விற்றார்கள். எடுத்ததில் சுமார் 80 சதவீதத்தை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 2003இல் அரசு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. அந்த நிறுவனங்கள் மறுசுழற்சி செய்ய வேண்டிய அளவு 20 சதவீதம்தான். மாடிக்கு வந்தவர்கள் போய்த் தெருவில் தொட்டி வந்தது. மக்கள் முணுமுணுத்தார்கள். 2009இல் பன்றிக் காய்ச்சல் பயத்தில் நாட்டின் பன்றிகள் எல்லாவற்றையும் கொல்ல உத்தரவு வந்தது. உணவுக் கழிவை எடுக்க ஆளில்லாமல் தெருக்கள் நாறின. இருந்ததை ஒதுக்கிவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நான் படிக்கவில்லை.

கொலம்பியாவின் பொகோட்டா வேறு வழியில் போனது. அங்கே குப்பை பொறுக்குபவர்கள் சங்கமாகித் தங்களை ஒதுக்கிய ஒப்பந்தப்புள்ளியை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2003இலும் 2011இலும் அரசியல் சாசன நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2013 முதல், கொண்டுவரும் எடைக்கு ஏற்பச் சேகரிப்புக் கூலியும் கிடைக்கிறது. பொருளை விற்ற காசு தனி, நகரைச் சுத்தம் செய்த கூலி தனி. அதே நாட்டில்தான் 1992இல் பர்ரான்கியா நகரில், பழைய பொருள் தருவதாகச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்குள் அழைத்து, பதினொரு பேரைக் கொன்றார்கள், மருத்துவப் படிப்புக்கு உடல் வேண்டும் என்பதற்காக. மார்ச் 1 உலகக் குப்பை பொறுக்குபவர் நாளாக இருப்பது அவர்கள் நினைவில்தான். இந்தத் தகவலைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மலர் அக்கா, கூட்டத்துக்குத் தேவையானது இதுதான்: நம் நாட்டின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பை பொறுக்குபவர் யார் என்று வரையறுத்தன. அவர்களை அடையாளம் கண்டு, வீடு வீடாகச் சேகரிக்கும் பணி உள்ளிட்ட ஏற்பாட்டில் உள்ளாட்சிகள் இணைக்க வேண்டும் என்றும் சொல்லின. தூய்மைப் பணியாளர்களுக்கான மத்திய அரசின் நமஸ்தே திட்டத்திலும் 2024இல் அவர்களைச் சேர்த்துவிட்டார்கள். விரட்டு என்று எந்த விதியும் சொல்லவில்லை.

ஆத்தூர் கிழங்கு
திங்கள், காலை 6.30

எங்கள் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் எதுவும் வீணாவதில்லை. மரவள்ளியை அரைத்து மாவு எடுத்த பிறகு நிற்கும் திப்பியைக் களத்தில் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்கிறோம். கழிவு நீரிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன. முன்பு அந்தத் தண்ணீர் அப்படியே ஓடைக்குப் போய் நாறிக்கொண்டிருந்தது. சுழற்சிப் பொருளாதாரம் என்று இப்போது கருத்தரங்கில் பேசுகிறார்கள். திப்பிக்கு விலை இருப்பதால் அது குப்பை ஆகவில்லை, அவ்வளவுதான்.

கொலுசுப் பட்டறை, சிவதாபுரம்
திங்கள், பிற்பகல் 1.20

ஆத்தூர் நண்பர் சொன்ன விலை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறேன். எங்கள் பட்டறையில் மாலை பெருக்கிய தூசியை யாரும் வெளியே கொட்ட மாட்டோம். அதில் அரத்தூள் இருக்கிறது. கை கழுவிய தண்ணீரைத் தொட்டியில் தேக்கி அடிமண்டியை எடுப்போம். கை துடைத்த துணியை எரித்துச் சாம்பலைச் சேர்த்து வைப்போம். உட்கார்ந்திருந்த கோணிப்பைக்குக்கூட விலை உண்டு. பட்டறை மண் வாங்குபவர் மாதம் ஒரு முறை வருவார். அதைக் கழுவி, அரித்து, உருக்கி வெள்ளி எடுத்துவிடுவார். தேய்ந்த கொலுசும் அப்படித்தான், கடைக்கு வந்து உருகி மறுபடியும் புதுக் கொலுசாக யார் காலிலோ ஏறும். பட்டுச்சேலை கிழிந்தால் ஜரிகைக்காக வாங்கிப் போகிறவர்கள் நம் ஊர்த் தெருக்களில் இன்றும் குரல் கொடுக்கிறார்கள்.

பட்டறை மண் வாங்குபவருக்கு நாங்கள் நாற்காலி போட்டு டீ கொடுக்கிறோம். மலர் அக்காவின் தெருவுக்கு வருகிறவரும் அதே வேலையைத்தான் செய்கிறார். மண்ணுக்குள் காசைத் தேடுகிறார். அவருக்கு மட்டும் பலகை வைக்கிறார்கள். எனக்கு இதைப் படித்ததிலிருந்து மனது சரியில்லை.

ஏற்காடு காப்பித்தோட்டம்
திங்கள், இரவு 9.15

விலை இல்லாத பொருளுக்கு என்ன கதி என்று மலையில் வந்து பாருங்கள்.

எங்கள் தோட்டத்தில் காப்பிப் பழத்தின் தோல் உரமாகிறது. நிழல் மரத்து இலை மண்ணுக்கே போகிறது. பிரச்சினை எல்லாம் கீழிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதுதான். கோடை விழா முடிந்த மறுநாள் சாலையோரம் நடந்தால் தெரியும். தண்ணீர் பாட்டிலை யாராவது எடுத்துவிடுகிறார்கள், எடைக்குப் போடலாம். சிப்ஸ் பாக்கெட் அப்படியே கிடக்கும். உள்ளே வெள்ளித் தாள், வெளியே பிளாஸ்டிக், இரண்டையும் பிரிக்க முடியாது. எந்தக் கடையும் வாங்காது. சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகப் போட வேண்டியதுதான். அதற்கும் யாராவது கீழே இறக்கிக் கொண்டுபோக வேண்டும். குரங்கு அதைக் கிழித்து நக்குகிறது. மாடு உப்புச் சுவைக்காகப் பாக்கெட்டோடு விழுங்குகிறது.

கண்ணாடி பாட்டில் இன்னும் மோசம். எடை அதிகம், விலை குறைவு. மலையிலிருந்து இறக்கும் வண்டி வாடகைக்கே கட்டாது. உடைந்தது தோட்டத்துக்குள் கிடந்து, பழம் பறிக்கும் பெண்களின் பாதத்தைக் கிழிக்கிறது. போன வருடம் எங்கள் தோட்டத்திலேயே ஒரு பாட்டிக்கு ஏழு தையல்.

இதற்கு ஒரு வழி நம் மாநிலத்திலேயே தெரிந்துவிட்டது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 மே மாதம் நீலகிரியில் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் அந்த 10 ரூபாயைக் கொடுக்கும் முறை தொடங்கியது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் வந்தது. காட்டில் எறிந்த பாட்டிலுக்கு ஒரே நாளில் விலை வந்துவிட்டது. குடித்தவர் எறிந்தாலும் இன்னொருவர் குனிந்து எடுப்பார். சிப்ஸ் பாக்கெட்டுக்கும் அப்படி ஒரு விலையைத் தயாரிப்பவர்கள் வைக்கட்டும். உற்பத்தியாளர் பொறுப்பு என்று 2022இல் விதி வந்திருக்கிறது. அந்தப் பணம் குனிந்து எடுக்கிறவர் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

புனேயில் சேலத்துக்காரி
செவ்வாய், காலை 11.00

அம்மாப்பேட்டையில் பிறந்து, கல்யாணமாகிப் புனேவுக்கு வந்தவள். இங்கே எங்கள் வீட்டுக் குப்பையை எடுப்பவர்களே முன்பு குப்பை பொறுக்கியவர்கள்தான்.

1993இல் இங்கே காகத் காச் பத்ர கஷ்டகரி பஞ்சாயத் என்ற சங்கம் தொடங்கியது. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து என்று பொருள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். அடையாள அட்டை கேட்டு வாங்கினார்கள். பிறகு அந்தச் சங்கத்திலிருந்தே ஸ்வச் என்ற கூட்டுறவு அமைப்பு உருவாகி, 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. இன்று 3,000க்கும் மேற்பட்டவர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் நேரடியாக அவர்கள் கையில் கொடுக்கிறோம். பிரித்த பொருளை விற்கும் உரிமையும் அவர்களுக்கே. எங்கள் வீட்டுக்கு வரும் மௌசியிடம் (மராத்தியில் சித்தி) ஈரமும் காய்ந்ததும் கலந்து கொடுத்தால் அன்று திட்டு விழும். பயந்தே ஒழுங்காகப் பிரிக்கிறோம்.

எல்லாம் சுலபமாக நடந்ததாக நினைக்க வேண்டாம். 2020 இறுதியில் ஒப்பந்தம் முடிந்தபோது, நீட்டிக்கக் கேட்டுப் போராட வேண்டியிருந்தது.

மலர், இங்கே இன்னொரு வழக்கம் உண்டு, உங்கள் தெருவில் நாளைக்கே தொடங்கலாம். மாதவிடாய் நாப்கினைக் காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துத் தனியாகக் கொடுக்கிறோம். பிரிக்கும் பெண் அதைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. 2013இல் இங்குள்ள பெண்கள் பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டித் தயாரிப்பாளர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள், நாங்கள் தினமும் கையால் தொடுவது இதைத்தான் என்று. தயாரிப்பவர்களே சுற்றும் உறை கொடுக்க வேண்டும் என்று 2016 விதியில் இடம்பெற்றது.

அம்மாவின் மகள்
புதன், இரவு 10.30

மூன்று நாளாக இந்த இழையைப் படிக்கிறேன். என் அம்மா குப்பை பொறுக்குபவர். மலர் அக்கா சொல்லும் அக்கா இல்லை, நகரின் வேறு பக்கம். எருமாபாளையத்தில் குப்பை மேடு இருந்த காலத்தில் அம்மா அங்கேதான் போவார். கோடையில் மேடு புகைந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் தலைமுடியில் அந்த வாடை போக அரப்பு போட்டுத் தேய்ப்பார், இரண்டு தடவை, மூன்று தடவை. அந்தக் காசில்தான் நான் பட்டம் வாங்கினேன்.

இன்று இரவு எல்லாப் பதிவுகளையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

சுகாதார ஐயா சொன்னது சரி என்றார். இடது கட்டைவிரலைக் காட்டினார். டியூப்லைட் கீறிய தழும்பு, பாதி நகம் இல்லை. இந்த வேலையை என் பிள்ளை செய்யக் கூடாது என்றுதான் படிக்க வைத்தேன் என்றார். ஆனால் நாளையிலிருந்து வராதே என்று சொன்னால் நான் என்ன செய்வேன், ஐம்பத்தெட்டு வயதில் யார் வேலை தருவார் என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இரும்புக்கடை அண்ணன் எழுதியதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு ஒன்று சொன்னார். கடைக்காரர் பொண்ணு கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் முன்பணம் கொடுப்பார், நல்லதுதான். ஆனால் அதற்குப் பிறகு வேறு கடையில் போட முடியாது, அவர் சொன்னதுதான் எடை, அவர் வைத்ததுதான் விலை. தராசை நம் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிக் கேட்கவே தனக்குப் பத்து வருடம் ஆயிற்று என்றார். அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களைச் சொல்லவில்லை.

அவர் கேட்பது இவ்வளவுதான்: நிழலில் உட்கார்ந்து பிரிக்க ஒரு கொட்டகை. அங்கே தண்ணீரும் ஒரு கழிப்பறையும். காலையில் நாய் குரைக்கும்போது காட்ட ஓர் அட்டை. இதை அவர் சொல்லும்போது கண் கலங்கினார். நாய்க்கு அட்டை தெரியாது, நாயின் சொந்தக்காரருக்குத் தெரியும் என்றார்.

எல்லோருக்கும் ஒன்று சொல்லச் சொன்னார். பால் கவரை வெட்டும்போது மூலையை முழுதாகத் துண்டித்துவிடாதீர்கள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு கீறல் போதும். அந்தச் சிறு முக்கோணம் தனியாக விழுந்தால் யார் கண்ணுக்கும் படாது, மண்ணிலேயே கிடக்கும். கவரை ஒரு முறை தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்தால் ஈ மொய்க்காது, விலையும் நிற்கும்.

குகை இரும்புக்கடை
வியாழன், காலை 8.10

தங்கச்சி, கோபம் இல்லை. உங்கள் அம்மா சொன்னது உண்மை. எங்கள் கடையிலும் முன்பணக் கணக்கு இருக்கிறது. மேலே மொத்தக்காரரிடம் நானும் முன்பணம் வாங்கித்தான் சரக்கு எடுக்கிறேன். சங்கிலி அப்படிக் கோத்திருக்கிறது. ஆனால் தராசு விஷயத்துக்குச் சாக்கு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண் காட்டும் பெட்டியை இன்று காலை கொண்டுவருபவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். அன்றைய விலையைச் சிலேட்டில் எழுதி வாசலில் மாட்டுகிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு என் பையன் வாசித்துச் சொல்வான்.

சுகாதார ஐயாவுக்கு: ஒயர் கொளுத்தியது வந்தால் இனி வாங்க மாட்டேன். உறையைக் கத்தியால் உரித்த செம்புக்குத் தனி விலை கொடுக்கிறேன். கறுத்த செம்பு பார்த்தாலே தெரியும். டயரை மழைக்காலத்தில் தார்ப்பாய் போட்டு மூடுகிறோம். நீங்கள் ஒரு நாள் வந்து பார்த்துச் சொன்னால் சந்தோஷப்படுவேன்.

பொதுசுகாதாரம், ஓய்வு
வியாழன், மாலை 5.40

வருகிறேன். டார்ச்சோடு.

அந்த அம்மாவின் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. மகள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கையால் குப்பை கிளறக் கூடாது என்ற கருத்து மாறவில்லை. ஆனால் தொட்டியில் கிளறுவது வேறு, வீட்டு வாசலில் காய்ந்ததைத் தனியாகக் கையில் வாங்குவது வேறு. இரண்டாவதில் ஊசி குத்தும் ஆபத்து பெருமளவு குறைகிறது. மலர் அம்மா, கூட்டத்தில் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இரண்டும் அவர் போட்டுக்கொள்ள வேண்டும். அழைத்துப் போக ஆள் இல்லை என்றால் நான் போகிறேன்.

மலர், கன்னங்குறிச்சி
சனி, காலை 10.05

கூட்டம் போன ஞாயிறு நடந்தது. எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். இன்று காலை நடந்ததையும் சேர்த்து எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பலகை வேண்டாம் என்று எல்லோரையும் ஒப்புக்கொள்ளவைக்க முடியவில்லை. பலகை வந்துவிட்டது. ஆனால் அதன் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: சனிக்கிழமை காலை 6.30 முதல் 8 வரை காய்ந்த பொருள் சேகரிப்பு உண்டு. நாற்பத்திரண்டு வீடுகளில் பதினேழு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். விதிகளைச் சொன்னபோது கேட்டார்கள், கெய்ரோவைச் சொன்னபோது இன்னும் கேட்டார்கள். ஆனால் கையெழுத்துப் போட வைத்தது பால் கவர்தான். மூலையைத் துண்டிக்காமல் எப்படிக் கீறுவது என்று ஒரு கவரை எடுத்துப் போய்க் காட்டினேன். எதிர் வீட்டுப் பாட்டி கத்திரிக்கோல் கேட்டு வாங்கித் தானும் செய்து பார்த்தார். மூன்று மாதம் சோதனைக்கு விட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் தடுத்த செயலாளர் வீடும் பதினேழில் ஒன்று.

இன்று காலை அக்கா ஆறு மணிக்கே வாசலில் நின்றார். முன்பெல்லாம் தொட்டிப் பக்கம் நின்றவர், இன்று எங்கே நிற்பது என்று தெரியாமல் பம்ப் அறைச் சுவர் ஓரமாக நின்றார். கம்பியைக் கொண்டு வரவில்லை. ஒவ்வொரு வீடாக அழைத்துப் போனேன். மூன்றாவது வீட்டில் சிவப்புப் புள்ளி வைத்த பொட்டலத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை.

எடை பார்த்தோம்: பதினேழு வீட்டில் முப்பத்தொரு கிலோ, எல்லாம் உலர்ந்தது. குழாயடியில் உட்கார்ந்து பிரித்தார். ஒரு பாட்டிலைச் சுண்டி என் மகன் காதருகே வைத்து, இது ஒரு ரகம் என்றார். இன்னொன்றைச் சுண்டி, இது வேறு என்றார். அவனுக்கு முதலில் வித்தியாசம் தெரியவில்லை. நான்காவது தடவை தெரிந்தது.

சுகாதார ஐயா, செவ்வாய்க்கிழமை அவருக்கு வசதிப்படும். தடுப்பூசிக்குக் காலை பத்து மணிக்கு மேல் என்றால் நல்லது, அதற்கு முன் அவருக்கு இன்னும் நான்கு தெரு இருக்கிறது.